போர்க்கால விமான மாதிரியை முதன்முறையாகக் கட்டுவோருக்கு

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு விமானத்தைப் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து கட்டி முடிக்கத் தேவையான வேலைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், கைப்பழக்கம் இல்லாதவரால் செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது, பூசுவது என்ற நான்கு வேலைகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. புதியவர்கள் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் வேறு. இந்த வேலையில் ஒரு படியில் செய்த பிழை அந்தப் படியிலேயே கண்ணில் படுவதில்லை. ஒட்டும்போது விட்ட இடைவெளி வண்ணம் பூசிய பிறகுதான் தெரிகிறது. வண்ணப் பரப்பில் விட்ட சொரசொரப்பு டீகால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம், ஒட்டிய பிறகுதான் பல்லை இளிக்கிறது. அதனால் ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்பதோடு, அது பின்னால் வரும் எந்த வேலையைத் தொடும் என்பதையும் சேர்த்தே சொல்லிச் செல்கிறேன்.

எந்த அளவு, எந்த விமானம்

பெட்டியின் மேல் 1/72, 1/48, 1/32 என்று அச்சிட்டிருப்பது அளவு விகிதம். 1/72 என்றால் உண்மை விமானத்தின் 72 அங்குலம், அதாவது 6 அடி, மாதிரியில் 1 அங்குலமாகச் சுருங்கியிருக்கிறது. இந்த விகிதத்துக்குப் போரோடு நேரடித் தொடர்பு உண்டு. எதிரி விமானத்தையும் நட்பு விமானத்தையும் உருவக்கோட்டை வைத்தே பிரித்தறிய வீரர்களைப் பழக்குவதற்காக, 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 இலட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. அவை 1/72 அளவில் அமைந்தவை. 10 மீட்டர் தொலைவில் பிடித்துக் காட்டும் மாதிரி, 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் பருமனில் தெரியும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்த மாதிரி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் இறக்கை விரிவு 11.23 மீட்டர், அது 1/72-இல் ஏறத்தாழ 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ. வரும். நான்கு எஞ்சின் கொண்ட லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானமோ 1/72-இலேயே 43 செ.மீ. அகலம் பிடிக்கும். முதல் மாதிரிக்கு 1/48 அளவையே நான் பரிந்துரைப்பேன். 1/72-இல் பெட்டி சிறியது, பாகங்களும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அரிசியளவுப் பாகத்தைச் சாமணத்தில் பிடித்துப் பழகாத கைக்கு அந்தச் சிறுமையே தடையாகிவிடும்.

விமானத்தைப் பொறுத்தவரை, ஒற்றை எஞ்சினும் தாழ்வாக அமைந்த ஒற்றை இறக்கையும் கொண்ட சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், முஸ்டாங், மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜப்பானின் ஜீரோ ஆகிய ஐந்தில் எதுவானாலும் தொடக்கத்துக்குப் பொருந்தும். இரட்டை இறக்கை விமானங்களில் இறக்கைகளுக்கு இடையே கம்பி கட்ட வேண்டியிருக்கும்; குண்டுவீச்சு விமானங்களில் கண்ணாடிப் பாகங்கள் ஏராளம்; வண்ணமின்றி அலுமினியப் பளபளப்போடு பறந்த விமானங்களில் உப்புத்தாள் கீறல் ஒன்றுகூட மறையாது. இந்த மூன்று வகையையும் இரண்டாம், மூன்றாம் முயற்சிக்குத் தள்ளி வைக்கலாம்.

நிறுவனத்தின் பெயரைவிட அச்சின் வயது முக்கியம். பல நிறுவனங்கள் 1960-களிலும் 1970-களிலும் செய்த அச்சுகளையே புதிய படம் போட்ட பெட்டியில் இன்றும் விற்கின்றன. பாகங்களின் மேல் தகட்டு இணைப்புக் கோடுகள் மேடாகப் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் பழைய அச்சு. நுண்ணிய பள்ளமாகக் குழிந்திருந்தால் பிற்காலத்தது. டாமியா, எடுவார்ட் ஆகிய நிறுவனங்களின் கிட்களும், ஏர்ஃபிக்ஸ் அண்மைக் காலத்தில் புதிதாக அச்சு வார்த்துக் கொண்டுவந்தவையும் பாகங்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துவதற்குப் பெயர் பெற்றவை. பொருத்தம் சரியில்லாத கிட்டோடு மல்லுக்கட்டி முதல் அனுபவத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவிகள்

தொடக்கத்தில் வாங்க வேண்டியவை சிலவே. ஒரு பக்கம் தட்டையான வாயுடைய நிப்பர் (வெட்டுக்குறடு), கூர்முனைக் கத்தியும் மாற்று அலகுகளும், நுனி வளையாத சாமணம், 400, 600, 1000, 2000 எண் கொண்ட உப்புத்தாள்கள், மெல்லிய தூரிகை பொருத்திய மூடியுடன் வரும் பிளாஸ்டிக் சிமெண்ட், சிறிய குப்பி சூப்பர் க்ளூ, உலர்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசை, மாடல் வேலைக்கென்றே வரும் மாஸ்கிங் டேப், இடைவெளிகளை நிரப்பும் பட்டி சிறிது, வெட்டுப் பலகை ஆகியவை போதும். இவற்றில் நிப்பருக்கும் தூரிகைகளுக்கும் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மின்கம்பி வெட்டும் தடித்த நிப்பர் பிளாஸ்டிக்கை வெட்டுவதற்குப் பதில் நசுக்கிப் பிய்த்துவிடும். பிய்ந்த இடம் வெளுத்துக் குழியாகும். அந்தக் குழியைப் பட்டி வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

மேசைக்கு மேலே பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம் வேண்டும். நேர்மேலிருந்து விழும் ஒளியில் தெரியாத கீறலும் மேடும் சாய்ந்த ஒளியில் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். சிமெண்டும் வண்ணக் கரைப்பான்களும் ஆவியாகும் பொருள்கள் என்பதால் சன்னல் திறந்த அறையில் வேலை செய்வது கட்டாயம். கத்தி எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே நகர வேண்டும். அது மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் தாவிப் பிடிக்கவே கூடாது.

வெட்டுவதற்கு முன்

பெட்டியைத் திறந்தவுடன் நிப்பரை எடுக்காமல், குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படியுங்கள். ஒரே கிட்டிலிருந்து இரண்டு மூன்று வகை விமானங்களைக் கட்டும்படி மாற்றுப் பாகங்கள் தரப்பட்டிருப்பது வழக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த அடையாளச் சின்னத்துக்கு உரிய ப்ரொப்பெல்லர் எது, கண்ணாடி மூடி எது என்பதை இப்போதே குறிப்பேட்டில் வட்டமிட்டுக்கொண்டால் பிறகு தவறாது. இறக்கையின் அடியில் குண்டோ கூடுதல் எரிபொருள் தொட்டியோ தொங்க வேண்டுமானால், இறக்கையின் இரு தகடுகளையும் ஒட்டுவதற்கு முன்பே உட்புறத்திலிருந்து துளையிட வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டு, ஒட்டிய பிறகு துளையிடும் இடம் தெரியாமல் தவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அடுத்து, பாகங்கள் காம்போடு ஒட்டியிருக்கும் ஸ்ப்ரூ என்னும் பிளாஸ்டிக் சட்டங்களை அப்படியே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சில துளி விட்டுக் கழுவி, தானாக உலர விடுங்கள். அச்சிலிருந்து பாகங்கள் எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவும் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால், வண்ணம் அங்கே பிடிக்காது. வெந்நீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

பாகத்தைப் பிரித்தெடுத்தல்

ஒரு பாகத்தை இரண்டு வெட்டில் பிரிக்க வேண்டும். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தள்ளி, ஸ்ப்ரூவின் பக்கமாக. பாகம் கையில் வந்த பிறகு இரண்டாவது வெட்டு, நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்க்கும்படி. அப்போதும் அரை மி.மீ. அளவு காம்பு மிஞ்சும்படி விட்டு, அதைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். ரேடியோ ஏரியல் கம்பம், துப்பாக்கிக் குழல், சக்கரக் கால் போன்ற மெல்லிய பாகங்களை நிப்பரால் நெருக்கி வெட்டினால் அழுத்தம் தாங்காமல் ஒடியும். அவற்றைச் சிறு ரம்பத்தாலோ புதிய கத்தி அலகாலோ பிரிப்பது பாதுகாப்பு. ஒருபோதும் முறுக்கிப் பிய்க்காதீர்கள்.

எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் வெட்டிக் குவித்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பாகத்தின் எண் ஸ்ப்ரூவில்தான் பொறித்திருக்கிறது, பாகத்தில் இல்லை. அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்.

பிரித்தெடுத்த பாகங்களில் இரண்டு குறைகளைத் தேடிப் பாருங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பு ஒன்று. அதைக் கத்தியின் முனையை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினாலே போதும். மற்றொன்று, பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் பதித்த வட்டத் தடம். வட்டம் வெளியில் தெரியாத இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம். விமானி அமரும் காக்பிட்டின் பக்கச் சுவரிலோ சக்கர அறைக் கதவின் உட்புறத்திலோ இருந்தால் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும்.

பசையும் அதன் தன்மையும்

பிளாஸ்டிக் சிமெண்ட் என்று விற்கப்படுவது வழக்கமான பொருளில் பசையே இல்லை. அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரு பாகங்களின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக உருக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. உலோகக் கம்பியையோ ரெசின் பாகத்தையோ அதனால் ஒட்ட முடியாததற்கும், வண்ணம் பூசிய பரப்பில் அது பிடிக்காததற்கும் காரணம் இதுதான். ஒட்டப்போகும் விளிம்பில் வண்ணம் பட்டிருந்தால் சுரண்டிவிட்டே ஒட்ட வேண்டும்.

மெல்லிய சிமெண்டைப் பயன்படுத்தும் முறை புதியவர்களுக்கு முதலில் வியப்பாக இருக்கும். பாகத்தில் தடவிவிட்டுப் பிறகு சேர்ப்பதில்லை. இரு பாகங்களையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் நுனியை இணைப்புக் கோட்டின் ஓரிடத்தில் மட்டும் தொட வேண்டும். திரவம் நுண்புழை ஈர்ப்பால் அந்தக் கோடு முழுதும் தானாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோடு ஒரு கணம் ஈரமாக மின்னிவிட்டு மங்கும். சில நொடி பொறுத்து மெல்ல அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் தலைமயிர் பருமனில் வெளியே பிதுங்கி எழும்பும். அந்தப் பிதுக்கம் வந்துவிட்டால் உள்ளே இடைவெளி இல்லை என்று பொருள். முழுதாகக் காய்ந்தபின் அதைத் தேய்த்துவிட்டால் இணைப்பு இருந்த தடமே தெரியாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கோட்டின்மேல் உங்கள் விரல் இருந்தால் திரவம் விரலுக்கு அடியிலும் ஓடிக் கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். என் முதல் ஹரிக்கேனின் இடப்பக்க வயிற்றில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது.

எந்த இணைப்பையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்காமல் ஒட்டாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். உடலின் இரு பாதிகளும் சேர மறுத்தால் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும்: காக்பிட் தரை ஒரு மயிரிழை அகலமாக இருக்கலாம், சரியாகச் சீவாத காம்பு தடுத்துக்கொண்டிருக்கலாம். பசையில்லாதபோது அது அரை நிமிட வேலை.

காக்பிட்டிலிருந்து தொடங்குதல்

விமானக் கிட்கள் பெரும்பாலும் காக்பிட்டிலிருந்தே தொடங்கும், ஏனெனில் உடலின் இரு பாதிகளை மூடிய பிறகு உள்ளே தூரிகை நுழையாது. பிரித்தானிய விமானங்களின் உட்புறம் சாம்பல் கலந்த பச்சை; மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் போரின் தொடக்க ஆண்டுகளில் ஆர்.எல்.எம். 02 (ஜெர்மானிய வான்துறை அமைச்சகத்தின் வண்ண எண்) என்னும் பச்சை கலந்த சாம்பலும், 1941 முதல் ஆர்.எல்.எம். 66 என்னும் கருஞ்சாம்பலும் வரும். அடிப்படை நிறம் காய்ந்ததும், நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை மூலைகளில் ஓடவிட்டு, பிறகு தூரிகையை ஏறத்தாழ முற்றிலும் துடைத்துவிட்டு அதில் எஞ்சிய வெளிர்நிறத்தால் மேடுகளை மட்டும் வருடினால், தட்டையாக இருந்த கருவிப் பலகை ஆழம் பெற்றுவிடும். இருக்கைப் பட்டைகள் கிட்டில் இல்லையென்றால், மாஸ்கிங் டேப்பை 1/48-இல் ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். திறந்த மூடியின் வழியே முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டைகள்தாம். மூடியை மூடிய நிலையில் ஒட்டப்போகிறீர்கள் என்றால் இங்கே நாள்கணக்கில் உழைக்கத் தேவையில்லை.

உடலும் இறக்கையும்

உடலின் இரு பாதிகளையும் ஒட்டும்போது மூக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் பசை ஓடவிடாமல், வால் பக்கம் 2 செ.மீ., பிறகு முதுகு, பிறகு வயிறு என்று சிறிது சிறிதாக நேர்செய்துகொண்டே முன்னேறுங்கள். டேப் போட்டு இறுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் தேய்க்கத் தொடங்கினால் இணைப்பு கெட்டியானதுபோலத் தெரிந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். அது பிறகு மெல்லச் சுருங்கி, வண்ணத்துக்கு அடியில் ஒரு பள்ளக் கோடாக இறங்கும்.

இறக்கையை ஒட்டும்போது இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கை நுனிகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்; பின்னாலிருந்து பார்த்தால் வாலின் கிடைத்தகடு இறக்கைகளோடு சமச்சீராக அமைந்திருக்க வேண்டும். இறக்கை மேல்நோக்கி எழும் கோணம் குறைந்துவிட்டால் உடலோடு சேரும் இடத்தில் மேற்பக்கம் இடைவெளி தோன்றும். அங்கே பட்டி வைப்பதற்கு முன், ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு மேல்வழியாக டேப்பை இழுத்தும் தளர்த்தியும் பாருங்கள்; பல கிட்களில் கோணத்தைச் சரிசெய்தாலே இடைவெளி மூடிக்கொள்ளும்.

மூக்குச் சக்கரம் கொண்ட லைட்னிங், ஏராகோப்ரா, மிட்செல் போன்ற விமானங்களில், உடலை மூடுவதற்கு முன் மூக்குக்குள் ஈயக் குண்டோ இரும்புக் குண்டோ வைத்து ஒட்டாவிட்டால் முடிந்த மாதிரி வால் தரையில் இடிக்க உட்கார்ந்துவிடும். முன்னர்ச் சொன்ன ஐந்தும் வாற்சக்கர விமானங்கள் என்பதால் இந்தக் கவலை இல்லை.

மிஞ்சிய இடைவெளிகளுக்கு இணைப்பின் இரு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு நடுவில் பட்டி பாருங்கள். அப்போது அருகிலிருக்கும் நுண்கோடுகள் அடைபடாது. காய்ந்தபின் 400-இல் தொடங்கி 1000 வரை, நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தபோது அழிந்துபோன தகட்டுக் கோடுகளை, விறைப்பான டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, ஊசி முனையால் அழுத்தமின்றி நான்கைந்து முறை இழுத்து மீட்டுவிடலாம். அதன் பிறகு சாம்பல்நிற ப்ரைமரை, அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சை, மெல்லிதாக ஒரு பூச்சு பூசுங்கள். மூலப் பிளாஸ்டிக்கின் நிறத்திலும் பட்டியின் நிறத்திலும் ஒளிந்திருந்த குறைகளெல்லாம் ஒரே நிறமான பரப்பில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது முறை பட்டி, இரண்டாவது முறை ப்ரைமர் என்று திரும்பவும் செய்ய வேண்டியிருந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். இதற்குமேல் இதைத் திருத்த வாய்ப்பே வராது.

கண்ணாடி மூடி

விமான மாதிரியில் மறைக்க முடியாத ஒரே பாகம் இது. சூப்பர் க்ளூவின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கின்மேல் வெண்பனிபோலப் படிந்து மங்கச் செய்துவிடும். அதே விமானத்தில் அருகில் வேறெங்கோ அதைப் பயன்படுத்தினாலும் மூடிய காக்பிட்டுக்குள் ஆவி சென்று படியும். ஆகவே மூடியை வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். அது வலுவற்றதாகத் தோன்றினாலும் போதுமானது. பிதுங்கினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

சட்டங்களுக்கு வண்ணம் பூச, கண்ணாடிப் பகுதிகளை மறைக்க வேண்டும். அந்தக் கிட்டுக்கென்றே வெட்டப்பட்ட மறைப்புத் தாள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். இல்லாவிட்டால் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பில் பல்குத்தியால் அழுத்தினால் சட்டத்தின் கோடு தெரியும். புதிய அலகால் அந்தக் கோட்டின்மேல் எடையே கொடுக்காமல் வெட்டுங்கள். முதலில் உட்புற நிறத்தைப் பூசிவிட்டு அதன்மேல் வெளிநிறத்தைப் பூசினால், உள்ளேயிருந்து பார்க்கும்போது சட்டம் காக்பிட்டின் நிறத்திலேயே தெரியும்.

வண்ணமும் உருமறைப்பும்

அக்ரிலிக், எனாமல், லாக்கர் என்ற மூன்று வகை வண்ணங்களில் புதியவர்களுக்கு அக்ரிலிக்தான் ஏற்றது; வாடை குறைவு, விரைவில் உலரும். காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாமலும் நல்ல மாதிரி செய்யலாம். தூரிகையால் பூசும்போது வண்ணத்தைப் பால்போல நீர்க்கச் செய்து, அகலமான மென்தூரிகையால் ஒரே திசையில் இழுத்து, முழுதாக உலர்ந்தபின் அடுத்த பூச்சை அதற்குக் குறுக்காக இழுக்க வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகப் பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். மூன்றாவது பூச்சில் ஒன்றுசேர்ந்துவிடும். பாதி உலர்ந்த இடத்தை மீண்டும் தூரிகையால் தொட்டால் அடிப்பூச்சு உரிந்து வரும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் 0.3 மி.மீ. முனையும் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தமும் வைத்துத் தொடங்கலாம். லாக்கர் தெளிப்பதாக இருந்தால் ஆவியை வடிகட்டும் முகமூடி அவசியம்.

வெளிர்நிறம் முதலில், அடிப்பகுதி அதற்கடுத்து, மேற்பகுதி கடைசியில் என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். 1940-இல் பிரிட்டன் வானில் ஜெர்மனியோடு நடந்த பிரித்தானியப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயரின் மேற்பகுதி கரும்பச்சையும் மண்பழுப்பும். அடிப்பகுதி ஸ்கை எனப்படும் வெளிர்பச்சை. 1941 ஆகஸ்ட் முதல் சண்டை விமானங்களில் மண்பழுப்பின் இடத்தைக் கடற்சாம்பல் பிடித்துக்கொண்டது, ஏனெனில் சண்டைகள் நிலத்தை விட்டு ஆங்கிலக் கால்வாயின் மீதும் அதிக உயரத்துக்கும் நகர்ந்துவிட்டிருந்தன. இப்படி ஒவ்வொரு நிறமும் ஒரு காலத்தைக் குறிப்பதால், நீங்கள் கட்டும் விமானம் எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்துகொண்டு பூசுங்கள். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரமும் அப்படியே: நடுவிலிருந்த சிவப்பு வட்டம், ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் தந்ததால் 1942 மே மாதத்தில் நீக்கப்பட்டது, 1943-இன் நடுவில் இரு பக்கமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன.

இரு வண்ணங்கள் சேரும் விளிம்பைப் பற்றித் தூரிகைக்காரர்கள் கவலைப்படத் தேவையில்லை. உண்மை விமானத்தில் நிறங்கள் கலந்த விளிம்பு 2 செ.மீ. அகலம் இருந்திருந்தாலும் 1/48-இல் அது 0.4 மி.மீ.தான். ஆகவே கூர்மையான விளிம்பு குறையாகத் தெரியாது. ஜெர்மானிய விமானங்களின் பக்கவாட்டில் புகைபோலத் தெளித்த புள்ளிகள் மட்டும் ஏர்பிரஷ் இல்லாமல் எளிதில் கைவராதவை.

1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்துக்காகப் பூசிய கருப்பு வெள்ளைப் பட்டைகளைப் பலரும் விரும்பிச் செய்வார்கள். மூன்று வெள்ளையும் இரண்டு கருப்புமாக ஐந்து பட்டைகள். ஒற்றை எஞ்சின் விமானங்களில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். அது 1/72-இல் 6.35 மி.மீ., 1/48-இல் 9.5 மி.மீ. முழு அகலத்துக்கும் முதலில் வெள்ளையைப் பூசிவிட்டு, வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை அந்த அளவில் வெட்டிய டேப்பால் மறைத்துக் கருப்பைப் பூசுங்கள். தரையிறக்கத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் விமானத் தளத்தின் தரைப்பணியாளர்கள் கையில் கிடைத்த தூரிகையால் அவசரமாகப் பூசியவை இவை என்பதால், விளிம்பு சற்றே கோணினாலும் வரலாற்றுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

டீகால்

டீகால் ஒட்டும் பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். மங்கலான வண்ணப் பரப்பு நுண்ணோக்கில் கரடுமுரடானது. டீகால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டு, ஒளி படும்போது வெள்ளித் திட்டாகத் தெரியும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசி ஒரு நாள் உலர விடுங்கள்.

ஒவ்வொரு டீகாலையும் தனித்தனியே வெட்டி, வெதுவெதுப்பான நீரில் 15 நொடி போல நனைத்து எடுத்து, தாளின்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். படம் அடித்தாளிலிருந்து வழுக்கத் தொடங்கியதும், ஒட்டும் இடத்தில் ஒரு துளி நீர் வைத்து, அடித்தாளோடு அங்கே கொண்டுபோய், ஈரத் தூரிகையால் படத்தை மட்டும் தள்ளிவிடுங்கள். இடம் சரியானதும் நடுவிலிருந்து விளிம்புக்கு நீரை ஒற்றி எடுங்கள். பிறகு டீகாலை மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டுவைத்தால், படம் சில நிமிடங்களில் சுருங்கிக் கசங்கிவிடும். பார்ப்பவர் மனம் பதறும் நேரம் இது, தொடவே கூடாது. உலரும்போது தானாக இறுகித் தகட்டுக் கோடுகளுக்குள் படிந்து, கையால் பூசியதைப் போலாகிவிடும். ஜெர்மானிய விமானங்களின் வாலில் இருந்த சுவஸ்திகா பல பெட்டிகளில் இருக்காது, அல்லது இரு துண்டாக இருக்கும். அந்தச் சின்னத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அதற்குக் காரணம்.

பழமை ஏற்றுதல்

டீகால்மேல் மீண்டும் ஒரு பளபளப்பு வார்னிஷ் பூசியபின், நீர்த்த கரும்பழுப்பு எனாமலைத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டு, அரை மணி கழித்து எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காற்றோட்டத் திசையில் துடைத்தெடுங்கள். எனாமல் கரைப்பான் உலர்ந்த அக்ரிலிக்கைப் பாதிக்காது என்பதால்தான் இந்த வரிசை.

இதற்குமேல் எவ்வளவு அழுக்கு, எவ்வளவு கீறல் என்பதில் அந்த விமானத்தின் கட்டுமானம்தான் வழிகாட்ட வேண்டும். விமானி ஏறி இறங்கும் இடத்தில், இடப்பக்க இறக்கை உடலோடு சேரும் மேற்பரப்பிலும், எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றியும் வண்ணம் உரிந்து அலுமினியம் தெரிந்தது. ஆனால் ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது. மஸ்கீட்டோ பெரும்பாலும் மரத்தால் ஆனது. அங்கெல்லாம் வெள்ளி நிறத்தில் கீறல் வைத்தால், அந்த விமானத்தை அறிந்த ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகியவற்றின் இறக்கையில் இயந்திரத் துப்பாக்கிகளின் துளைகளைச் சிவப்புத் துணியால் ஒட்டி மூடியே பறக்கவிடுவார்கள். சுட்டால்தான் அது கிழியும். ஆகவே அந்தச் சிவப்புத் துண்டுகளை முழுசாக ஒட்டிவிட்டு, அவற்றின் பின்னால் வெடிமருந்துக் கரியும் பூசினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும். புகைபோக்கிக் கறையும் எப்போதும் கருமையாக இருந்ததில்லை. ஈயம் கலந்த எரிபொருள் வெளிர்சாம்பல் படிவையும் விட்டுச் சென்றது. திருப்தியானதும் மங்கல் வார்னிஷ் பூசி முடியுங்கள்.

கடைசிப் பாகங்கள்

சக்கரக் கால்கள், ப்ரொப்பெல்லர், ஏரியல் கம்பம் போன்ற ஒடியக்கூடியவற்றை இப்போதுதான் ஒட்ட வேண்டும். கால்களை ஒட்டி, பசை இளகியிருக்கும்போதே மாதிரியை நிறுத்தி, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கோணம் பாருங்கள். சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் சற்றே தேய்த்துத் தட்டையாக்கினால், விமானத்தின் எடை அதன்மேல் இருப்பதுபோலத் தோன்றும். ப்ரொப்பெல்லர் அலகுகளைத் தனித்தனியாக ஒட்டும் கிட் என்றால் சுழலும் திசையைக் கவனியுங்கள்: மெர்லின் எஞ்சின் கொண்ட ஸ்பிட்ஃபயரில் விமானியின் பார்வையில் அது வலஞ்சுழியாகச் சுற்றும், கிரிஃபன் எஞ்சின் கொண்ட பிந்தைய வகைகளில் இடஞ்சுழியாகச் சுற்றும். அலகின் தடித்த விளிம்பு சுழலும் திசையில் முன்னால் செல்ல வேண்டும்.

ஏரியல் கம்பிக்கு வீசி எறியவிருந்த ஸ்ப்ரூவே போதும். 10 செ.மீ. துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேல், சுடர் தொடாமல், உருட்டிக்கொண்டே சூடாக்குங்கள். நடுவில் பளபளத்துத் தொய்யத் தொடங்கியதும் சுடரிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரு கையாலும் சீராக இழுத்தால் மயிரிழை போன்ற கம்பி நீளும். விரைந்து இழுத்தால் மெல்லியதாகும், நிதானமாக இழுத்தால் தடிக்கும். அதைக் கம்பத்தின் உச்சியில் துளி சூப்பர் க்ளூவால் ஒட்டி, அது பிடித்த பிறகு மறுமுனையைச் சுக்கானின் மேல்நுனியில் ஒட்டுங்கள். தளர்ந்திருந்தால், ஊதுவத்தியின் கனலை ஒரு செ.மீ. தள்ளிக் கம்பிக்கு அடியில் ஒரு கணம் காட்டினால் சுருங்கி விறைத்துக்கொள்ளும்.

கண்ணாடி மூடியின் டேப்பை நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. சாமணத்தால் ஒரு மூலையைத் தூக்கி, மேல்நோக்கி இழுக்காமல் மடித்தபடி பின்னோக்கி உரித்தெடுங்கள். விளிம்பில் வண்ணம் கசிந்திருந்தால் கத்தி வேண்டாம். கூராகச் சீவிய பல்குத்தியால் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழாமல் வந்துவிடும். முடிந்த மாதிரியை நேர்வெயில் படாத இடத்தில், தூசு புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். வெயிலில் டீகாலின் படலம் மஞ்சளாகும், தூசியைத் துடைக்கப்போனால் ஏரியல் கம்பிதான் முதலில் அறும்.